பட்டாளத்துக்குத் திருப்பிக் கொடுக்கப்போன முன்பணம்

அன்று ரயில் ஜங்ஷனில் நின்றவர்கள்: அண்ணன், அண்ணி, எங்களுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்ளும் அம்மாபேட்டை முதலாளி, நான். எதிரே, பட்டாளத்துக்கு ஆள் கூட்டிப்போக வந்த சுபேதார்.

அண்ணன் சேர்ந்திருந்தது வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் போகிற பட்டாளம். தறியில் வேலை குறைகிற மாதம் பார்த்துப் போவான். பயிற்சி, சாப்பாடு, சம்பளம். மற்ற நாளெல்லாம் நெசவு. சண்டை வந்தால் முழுநேரமும் வர வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததாம். நாலாம் வகுப்போடு நின்றவன் நான், அண்ணன் அதுவும் இல்லை. ஜெர்மனியோடு சண்டை என்று பேப்பரில் வந்தபோதும் அது யாருக்கோ என்றிருந்தோம். அப்புறம் முழுநேரத்துக்கும் வரச்சொல்லி அண்ணனுக்கு உத்தரவு வந்தது.

எங்கள் தொழிலில் வாங்கிய முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டால் எந்த முதலாளியும் தறிக்காரனைப் பிடித்துவைக்க முடியாது. பட்டாளமும் அப்படித்தான் என்றார் எங்கள் முதலாளி. அண்ணன் அதுவரை பட்டாளத்தில் வாங்கிய சம்பளம் மொத்தத்தையும் கடனாக அவரே கொடுத்தார். பூட்ஸுக்கும் கேட்பார்களா, வட்டி உண்டா என்று வழியெல்லாம் அரித்தேன்.

"சும்மா வாடா. நீ கேக்கறதுலயே வட்டி ஏறிரும்" என்றான் அண்ணன்.

சுபேதாரிடம் பணத்தை நீட்டினான். "நான் வாங்குனது பூரா இதுல இருக்குதுங்க. கணக்க முடிச்சு உட்டுருங்க."

"என்னய்யா, லஞ்சமா?"

"இல்லீங்க, முன்பணமுங்க."

சுபேதார் சிரித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பட்டாளத்தத் தறின்னு நெனச்சியா? வரலேன்னா ஜெயிலு. காச மடியில வச்சுக்கிட்டு ஏறு."

"எப்பங்க திரும்பி வருவாரு?" என்றாள் அண்ணி.

"சண்டை முடிஞ்ச பொறவுதாம்மா."

ஏறிய பிறகுதான் அண்ணனுக்குப் பணம் நினைவு வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியே பண முடிச்சை நீட்டினான். ஓடினேன், விரல் பட்டது, முடிச்சு என் கைக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி என் பக்கம் வந்தார்.

"அவன் போயிட்டான். இனி இந்தக் கடன உம்பேருல எழுதிக்கறேன் சாமி. சரிதான?"

தலையை ஆட்டினேன். அறுபத்தெட்டு ரூபாய்.