முப்பத்து நாலு மூச்சு

சித்தி நர்சிங் முதல் வருஷம் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது. அம்மாவின் தங்கையான அவள் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வந்து, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களோடு தங்கிப் படித்தாள். காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் பார்த்து எழுதிப் பழக காலேஜில் ஒரு நோட்டு போடச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு எங்கே போவாள்? அம்மாவையும் என்னையும் எழுதித் தீர்த்தபிறகு பால்கார பையாவைக்கூட விடவில்லை. அவன் வாயில் தர்மாமீட்டரோடு எங்கள் வாசலில் நிற்க, மேல்வீட்டு மாமி பாலுக்காகக் கத்திக்கொண்டிருப்பாள்.

அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். இந்த ரகசியத்தைச் சித்தி சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அவள் கண் கொஞ்சம் கீழே இறங்கினாலே அப்பா புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டு அவளை அழ வைப்பார்.

அதற்குத்தான் நான். நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? சித்தி தொண்டையைக் கனைத்தால் ஆரம்பிக்க வேண்டும், மறுபடி கனைத்தால் நிறுத்த வேண்டும். முதல் தடவை அம்மாவை எண்ணியபோது நான் நெஞ்சு ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று எண்ணி முப்பத்தாறு சொன்னேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏறி எறங்குனாத்தாம்ட்டி ஒரு மூச்சு. ஏறும்போது மட்டும் எண்ணு" என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூடத் தப்பாக எண்ணியதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு புகை இறங்கி, எதிர் பிளாக் தெரியாமல் போயிற்று. அப்பாவுக்கு ஒரு வாரமாக இருமல். டிஸ்பென்சரிக்குப் போங்கள் என்று அம்மா கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

"தில்லியே இருமுது. நான் மட்டும் போயி லைன்ல நிக்கணுமாக்கும்" என்பார் அப்பா. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வழிக்கு வந்தார். "சரி, நம்ம டாக்டரம்மா நோட்டு என்ன சொல்லுதுன்னு பாப்போம். போகச் சொன்னா போறேன்."

சொல்லிவிட்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். இட்லி அரிசியும் முருங்கைக்காயுமாகப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்து நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் விட்டு, சித்தி கையைப் பிடித்தாள். அப்பா அன்றைக்கு விளையாட்டு காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் ஹிந்தி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய சட்டைப் பித்தான்களைப் பார்த்தேன். ஏறும்போது மட்டும், ஒன்று விடாமல் எண்ணினேன். முப்பத்து நாலு.

சமையலறையில் மூன்று பேரும் கூடினோம். காய்ச்சல் இல்லை, காலையில்தான் மாத்திரை போட்டிருந்தார். நாடி நூற்றெட்டு. "படி ஏறி வந்தாங்கள்லா" என்றாள் சித்தி. நான் என் கணக்கைச் சொன்னேன்.

"முப்பத்து நாலா? கைப்பிள்ளைக்குத்தாம்ட்டி அப்படி இருக்கும். பழையபடி ரெண்டையும் எண்ணிட்டியா?"

"நஹீ, இல்ல சித்தி..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் பாதியாக்கிப் பதினேழு என்று எழுதிவிட்டாள். பாடப் புத்தகத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததோ, அப்படியே இருந்தது. அம்மா முகத்தில் ஒரு வாரத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொரு நிமிஷம் எண்ணிப் பார்த்திருக்கலாம். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கும், ஒருவேளை ரெண்டையும் எண்ணிவிட்டோமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

"எல்லாம் நார்மல் அத்தான்" என்று சித்தி போய்ச் சொன்னாள். அப்பா அம்மாவைப் பார்த்துப் பழிப்புக் காட்டினார்.

திங்களும் செவ்வாயும் ஆபீசுக்குப் போனார். புதன்கிழமை மத்தியானம், மூச்சு முட்டி அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் சித்தி நோட்டை எடுத்துக் காட்டினாளாம். அங்கிருந்த டாக்டர் அதை வாங்கிப் பார்க்காமல், "தோ தீன் தின் பெஹலே லானா சாஹியே தா" என்று மட்டும் சொன்னாராம். இரண்டு மூன்று நாள் முன்னால் கொண்டு வந்திருக்க வேண்டும். நிமோனியா. வெள்ளிக்கிழமை அப்பா போய்விட்டார்.

ஊரிலிருந்து வந்தவர்கள் காரியம் முடிந்து திரும்பினார்கள். சித்தி காலேஜுக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. ஊருக்கே திரும்பிவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஒரு சாயங்காலம், நான் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது வந்து என் முன்னால் மண்டியிட்டாள்.

"உண்மையச் சொல்லுட்டி. அன்னைக்கு நீ ஏறும்போது மட்டும் எண்ணுனியா, ரெண்டையும் எண்ணுனியா?"

ஏறும்போது மட்டும் என்றால், அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் அப்பா செத்துப்போனார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"ரெண்டையும்தான் சித்தி" என்றேன்.

அவள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னை இறுகக் கட்டிக்கொண்டு, அப்பா போன அன்றுகூட அழாத அழுகை அழுதாள். அடுத்த திங்கட்கிழமை காலேஜுக்குப் போனாள். இப்போது குர்காவ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டையே நடத்துகிறாள்.

அன்றைக்கு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, பொய் பலித்துவிட்டது, தப்பித்தோம் என்று மட்டும் நினைத்தேன். அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கத்தான் அவள் என்னிடம் வந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.