இரண்டாம் முறை வந்த வயிற்றோட்டம்

என்னோடு முழங்காலில் நிற்கிற பிரியமானவர்களே, இதை வெட்கத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். சபையில் ஒரு சாட்சி சொல்லிவிட்டு, அந்தச் சாட்சியைக் காப்பாற்றுவதற்காக என் பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தவள் நான்.

அது யுத்த காலம். கண்டியில் மூலைக்கு மூலை சோதனைச் சாவடி. நாங்கள் மஹய்யாவையில் இருந்தோம். என் கணவர் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினார். எங்களுக்கு ஒரே மகள், எஸ்தர். கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கும். கிள்ளாமல் யாரும் அவளைக் கடந்து போக மாட்டார்கள்.

ஒன்பது மாதத்தில் அவளுக்குக் கடும் வயிற்றோட்டம் வந்தது. பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் சேலைன் ஏற்றினார்கள். சபை முழுக்க ஜெபித்தது. பிள்ளை பிழைத்தாள். அடுத்த ஞாயிறு நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த நோய் இனி என் வீட்டு வாசல மிதிக்காது!" என்று முழங்கினேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அம்மை மாதிரி இதுவும் ஒரு தடவைதான் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எட்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை காலை எஸ்தர் வாந்தி எடுத்தாள். மத்தியானம் தண்ணீர் தண்ணீராகப் போனது. கணவர், "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார். "பல்லு மொளைக்குது, அதான்" என்று அவரை அடக்கிவிட்டேன். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி உப்புப் பைக்கற் ஒன்று, போன தடவை மிஞ்சியது, அலுமாரியில் இருந்தது. அதை உடைத்துத் தண்ணீரில் கரைத்தால் நோய் வந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்று கையே வைக்கவில்லை. வெறும் தேத்தண்ணீர் கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

ஞாயிறு காலை கணவர் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளையின் கண் குழிவிழுந்துவிட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிப் பை தயார். ஆனால் வாசலில் நம் சபைக்காரர்கள் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு போவோம் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். நிற்கும்போதே பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டாள்.

அப்படியே தரையில் விழுந்தேன். "ஆண்டவரே, என் மானம் போகட்டும். எனக்கு என் புள்ளயத் தந்துருங்க" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். எழுந்து, பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓடினேன். ஒருத்தர்கூட என் சாட்சியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு சகோதரர் ஆட்டோவை மறித்தார், இன்னொரு அக்கா என் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். சாவடியில் பையைத் திறந்த சிப்பாய், உள்ளே கிடந்த பிள்ளையின் அழுக்குத் துணிகளின் நாற்றத்தில் படாரென்று மூடிவிட்டு, போ போ என்று கை காட்டினார். அதையும் நான் கர்த்தருடைய உதவியாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் சேலைன் ஏற்றினார்கள். சாயந்தரம் எஸ்தர் கண் திறந்து, "ம்மா, தண்ணி" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்?

மறுநாள் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வந்தார். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளின் மலத்தை எடுத்துப்போய் ஆய்வுகூடத்தில் சோதிக்கிறவர். "முந்தியும் வந்ததோ?" என்று கேட்டார். "இல்லங்க, இதான் மொத தடவ" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் கொப்பியைப் புரட்டிச் சிரித்தார். "மஹய்யாவ எஸ்தர், ஒன்பது மாசம். இது வேற ஆரோ?"

நான் அழுதுவிட்டேன். என் விசுவாசம் பொய்யாகிவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பொறுங்கோ, சோதிச்சுப்போட்டு வாறன்" என்றார்.

எஸ்தர் சுகமாகி வீட்டுக்குப் புறப்படும் நாளில் மறக்காமல் வந்தார். "இரண்டு முறையும் ரோட்டா எண்ட கிருமிதான். ஆனா அதில கன வகை இருக்கு. முந்தி வந்தது ஒண்டு, இப்ப வந்தது வேறொண்டு. சட்டை மாத்திக்கொண்டு வந்திருக்கு. இதில உங்கட குற்றம் என்ன?"

"அப்ப மொத தடவ வந்தது வீணா அக்கா?"

"இல்லை பிள்ளை. முதல் வந்தது உடம்புக்குக் கொஞ்சம் பழக்கிக் குடுத்திருக்கும். அதாலதான் நீங்கள் இவ்வளவு பிந்திக் கொண்டு வந்தும் தாங்கினவ எண்டு நினைக்கிறன்."

பிரியமானவர்களே, நான் தோற்றுப்போனதாக நினைத்த அந்த முதல் ஜெபம் எட்டு மாதமாக என் பிள்ளையின் உடம்புக்குள் காவல் இருந்திருக்கிறது! நான் "இனி வராது" என்று கேட்டேன். அவரோ வந்தாலும் தாங்குகிற பலத்தைக் கொடுத்து வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மைக்கைப் பிடித்தேன். நோய் திரும்பி வந்ததையும், நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்ததையும், ஜீவனியை உடைக்காததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சட்டை மாற்றின கதைக்குச் சிரித்தார்கள். அப்போது பின் வரிசை வாங்கில் இருந்து ஒரு தங்கச்சி பிள்ளையோடு எழுந்தாள்.

"அக்கா, என் மகனுக்கும் விடிஞ்சதுல இருந்து வயித்தால போகுது. ஜெபத்துக்கு வந்துட்டு எப்படிச் சொல்றதுன்னு மறைச்சுட்டேன்."

"வாங்க, போறோம்" என்று மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். கடைசிப் பாட்டு ஆஸ்பத்திரி ரோடு வரைக்கும் எங்களுக்குக் கேட்டது.

எஸ்தருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என் வேதாகமப் பையில் எப்போதும் ஒரு ஜீவனிப் பைக்கற் இருக்கும். ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். ஜெபித்துக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வாருங்கள். வெளியே உங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவர ஆளை அவர் வைத்திருப்பார்.