பதினோரு நிமிடக் குமாஸ்தா

குடையக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. வருபவர்களை நடத்திக் கூட்டிப்போய்ப் பழைய நகரத்தைக் காட்டுவது தொழில். பெரிய கூட்டங்களை அவர் ஏற்பதில்லை. ஒரு குடும்பம், ஒரு தம்பதி, தனியாக வந்த ஒருவர், அவ்வளவுதான். இரண்டு பேரே வந்தாலும் பச்சைக் குடையை மடித்தபடி தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் முன்னால் நடப்பார். மழை பெய்தாலும் விரிப்பதில்லை. விரித்தால் மற்றக் குடைகளோடு கலந்துவிடும் என்பார். இருபத்து மூன்று வருடங்களில் அந்தக் குடையின் கீழ் அவர் ஒருமுறைகூட நின்றதில்லை.

நடை இரண்டரை மணி நேரம், ஒன்பது இடங்கள். முதலில் பதினான்கு இடங்கள் இருந்தன. ஐந்தை முழங்கால் கழித்துவிட்டது. மணிக்கூண்டுக்குத் தொண்ணூற்றாறு படிகள் என்பதால் அது முதலில் போயிற்று. "மேல ஏறிட்டா மணிக்கூண்டு எப்படித் தெரியும்? கீழ நின்னு பாருங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். வந்தவர்களும் சரிதானே என்று கீழே நின்று பார்த்தார்கள். மருத்துவர் அவருடைய முழங்கால் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரொம்ப நிக்காதீங்க, ஏறாதீங்க, நடக்கறதைக் குறைச்சுக்குங்க" என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

மீதி ஒன்பது இடங்களிலும் உட்கார வசதி உண்டு. இதைச் சரித்திரம் அப்படியே அமைத்துக் கொடுக்கவில்லை. பழைய நீதிமன்றத்துக்கும் தானியக் கிடங்குக்கும் நடுவே அறுநூற்று நாற்பது மீட்டர் ஒரே சந்து. அளந்தவர் அவருடைய கணவர். குடிநீர் வாரியத்தில் குழாய் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் அளக்காமல் விடமாட்டார். அந்தச் சந்தின் பாதி வழியில் ஒரு தையல்காரியின் வீடு. ஜன்னலுக்கு அடியில் சுவரோடு சேர்ந்த ஒரு கல்மேடை, நான்கு பேர் உட்காரலாம். அந்த வீட்டுக்குச் சரித்திரம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் முழங்கால் சரியாக அந்த இடத்தில்தான் பிடித்துக்கொள்ளும்.

ஆறு வருடங்களுக்கு முன் முதல்முறையாக அங்கே உட்கார்ந்தபோது, வந்தவர்களில் ஒருவர், "இங்க யார் இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டார். எழுந்திருக்க முடியாத நிலையில் குடையக்கா, "நீதிமன்றத்துக் குமாஸ்தா ஒருத்தர்" என்றார். நீதிமன்றம் பக்கத்தில்தானே இருக்கிறது, யாராவது ஒரு குமாஸ்தா எங்காவது குடியிருந்திருப்பான். அடுத்த வாரம் குமாஸ்தாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மழைக்காலத்தில் அவர் லேசாக நொண்ட ஆரம்பித்தார். தினமும் தீர்ப்புகளை நகல் எடுத்துவிட்டு வருபவர், அன்றைய தீர்ப்பை வீட்டுக்குள் கொண்டுபோக மனமில்லாமல் இந்த மேடையில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவார். மனைவி வாசலில் நிற்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருநாள் மனைவியின் தம்பிக்கே ஆயுள் தண்டனை. அதை நகல் எடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவள் வாசலில் நிற்கிறாள்.

கதை அங்கே முடியும். பதினோராவது நிமிடத்தில் முழங்கால் இளகிவிடும் என்பதுதான் காரணம்.

கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் தையல் மிஷினும் எட்டாவது நிமிடத்தில், தம்பி வரும் கட்டத்தில், நின்றுவிடும். நூல் தீர்ந்துபோயிருக்கும் என்று குடையக்கா நினைத்துக்கொள்வார். ஆறு வருடமாக ஒரே நேரத்தில் எப்படி நூல் தீரும் என்று யோசித்ததில்லை.

இந்த வருடம் வழிகாட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுசாக ஒரு விதி வந்திருந்தது. தேர்வாளர் ஒருவர் கூடவே நடந்து வருவார். ஒவ்வொரு இடத்திலும் சொல்வதற்கு ஆதாரம் கேட்பார். ஓர் இடத்தில் பொய் என்று தெரிந்தாலும் உரிமம் போய்விடும். இரண்டு வருடம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஐம்பத்தாறு வயதில் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு யார் விண்ணப்பிப்பது? இப்போது போனால் போனதுதான்.

எட்டு இடங்களுக்கு ஆதாரம் சேர்த்து ஒரு கோப்பில் போட்டாயிற்று. ஐந்தாம் இடமான தையல்காரி வீட்டு மேடைக்கு வெள்ளைத் தாள் ஒன்றுதான் இருந்தது.

"அந்த இடத்தை விட்டுட்டு நேரா நடந்துடு" என்றார் கணவர்.

"நடந்து பாத்தாச்சு. இருபதாவது வீட்டுலேயே கால் நின்னுடுது."

"சும்மா உக்காரேன். மூச்சு வாங்குதுன்னு சொல்லு."

"நடக்கறவளுக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னா, உரிமம் குடுப்பாங்களா, ஊசி போடுவாங்களா?"

கணவர் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்தார். பிறகு, "அது உக்கார்ற மேடையே இல்லையே" என்றார்.

"என்னது?"

"அது வாளி வைக்கற கல்லு. அந்தத் தெருவுக்கே அங்கதான் ஒரே பொதுக்குழாய் இருந்துச்சு. வரிசையில நிக்கறவங்க வாளியை வைக்கத்தான் வாரியமே கட்டிக் குடுத்தது. நானே தோண்டியிருக்கேன், பழைய வால்வு இன்னும் உள்ளதான் கிடக்கு. பதிவேட்டுல பக்கத்தோட இருக்கும்."

"ஆறு வருஷமா இதை ஏங்க சொல்லல?"

"நீ கேக்கல. உனக்குத்தான் குமாஸ்தா இருந்தாரே."

மறுநாள் காலையிலேயே கணவர் தன் பழைய அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டின் இரண்டு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, முத்திரையும் குத்தி வாங்கி வந்தார். வெள்ளைத் தாள் இருந்த இடத்தில் அது ஏறியது. குடையக்கா கண்ணாடி முன்னால் நின்று வாளிக் கதையை ஒத்திகை பார்த்தார். எவ்வளவு இழுத்தாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் அது போகவில்லை. வால்வின் விட்டத்தையும் சேர்த்தால் நான்கு.

தேர்வாளர் ஒல்லியானவர். தோளில் தண்ணீர் பாட்டில், கையில் படிவம் செருகிய அட்டை. சிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பதுபோல் முகத்தை வைத்திருந்தார். நான்கு இடங்கள் நன்றாகவே போயின. "ஆதாரம்?" என்பார், குடையக்கா தாளைக் காட்டுவார், அவர் ஒரு கோடு போடுவார். ஐந்தாம் இடத்தில் உட்கார்ந்தார்கள். குழாய், வரிசை, வாளி, கல். முத்திரையைப் பார்த்ததும் தேர்வாளர் தலையைக்கூட லேசாக ஆட்டினார்.

கணவனும் மனைவியும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், ஜன்னலைத் தவிர.

மிஷின் நின்றது. ஜன்னல் கதவு முழுசாகத் திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இன்னிக்கு? வாளி, வால்வுன்னு என்னமோ சொல்லிட்டிருக்கீங்க. குமாஸ்தாவை மறந்துட்டீங்களா?"

"எந்தக் குமாஸ்தா?" என்றார் தேர்வாளர்.

"இந்த வீட்டுல இருந்தவர் சார். நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் அவரும் உக்காருவார்." குடையக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. நொண்டிய கால் இடது என்று சொன்னாள். அது குடையக்காவே முடிவு செய்யாத விஷயம். தம்பி வந்த கட்டத்தில் அவள் குரல் இறங்கியது. தேர்வாளர் திறந்த பாட்டிலைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என் மச்சினர் வண்டி நிறுத்த இந்தக் கல்லை இடிக்கணும்னார் சார். மனுஷன் உக்காந்து அழுத கல்லு, தொடாதீங்கன்னுட்டேன். ரெண்டு வருஷமா அவர் எங்க வீட்டுக்கே வர்றதில்ல."

தேர்வாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், இது ஏன் உங்க கோப்புல இல்ல? எழுத்துல ஆதாரம் இல்லேன்னாலும் பரவாயில்ல. குடியிருக்கறவங்க சாட்சி சொன்னா ஏத்துக்கலாம்னு விதி இருக்கு." அட்டையைத் திருப்பி ஜன்னல் பக்கம் நீட்டினார். "அம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. போதும்."

குடையக்கா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் உரிமமும் பிழைக்கும், குமாஸ்தாவும் அரசாங்கப் பதிவில் ஏறுவார். தையல்காரி மடியில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைத் தட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கினாள். பெயரை அழகாக எழுத வேண்டும் என்று அட்டையை நேராக வைத்துக்கொண்டாள்.

"போடாதம்மா" என்றார் குடையக்கா. "அப்படி ஒருத்தர் இல்ல."

"எங்க இல்ல?"

"எங்கயும் இல்ல. எனக்கு முழங்கால் வலி. உக்கார ஒரு சாக்கு வேணும்னு நானாச் சொன்னது."

"அந்தப் பொண்ணு? வாசல்ல நின்னவ?"

"அவளும்தான்."

தையல்காரி பேனாவை மூடித் தேர்வாளரிடம் கொடுத்தாள். அட்டையைக் கொடுத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். மிஷின் ஓடும் சத்தம் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மீதி நான்கு இடங்களும் கேள்வி இல்லாமலே முடிந்தன. தேர்வாளர் கடைசிவரை பாட்டிலை மூட மறந்திருந்தார்.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. கணவர் கண்ணாடியைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார். "தேர்வு நடையில் வழிகாட்டி பொய் எதுவும் கூறவில்லை. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. ஐந்தாம் இடத்தில் குமாஸ்தா பற்றி இனி பேசக் கூடாது. வாளிக் கல் குறித்த தகவல் ஆதாரமுள்ளது. சுவாரசியம் போதாது." நிமிர்ந்து, "வால்வைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலியே" என்றார்.

அன்றைக்கு ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு சந்துக்குள் போனால், கல்மேடை முழுக்கப் பூந்தொட்டிகள், ஓரத்தோடு ஓரம் நான்கு. குடையக்கா நின்றபடியே வாளிகளைப் பற்றிச் சொன்னார். தானியக் கிடங்குக்குப் போய்ச் சேரும்போது குடையை ஊன்றி நடந்துகொண்டிருந்தார். அதை உயர்த்திப் பிடிக்காத முதல் நாள் அதுதான்.

"என்ன செடி?" என்று கேட்டார் கணவர், வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்தபடி.

"ஒத்தக் காலில நின்னுட்டிருந்தேன். செடி என்னன்னு பாக்கற நிலைமையா?"

"மன்னிப்புக் கேட்டியா?"

"ஜன்னல் தொறந்தாத்தானே?"

மூன்றாவது வாரம் ஒரு தொட்டி இறங்கித் தரையில் இருந்தது. மேடையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம். ஜன்னலும் ஒரு சாண் திறந்திருந்தது. அன்று வந்தவர்கள் மூவர். அவர்கள் எதிர்ச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க உக்காருங்க. அவங்க நிக்கட்டும்" என்றது ஜன்னல்.

குடையக்கா உட்கார்ந்தார். "தப்புத்தாம்மா. உன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"வாளிக் கதை நல்லாவே இல்ல."

"தெரியும்மா."

மிஷின் சிறிது ஓடி நின்றது. தையல்காரி குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி, நீங்க கட்டின கதைதானே, உங்களுக்குத்தான் தெரியும். அவர் எழுந்திரிக்கவே இல்லையே, அந்தப் பொண்ணு அப்புறம் என்ன பண்ணா? வெளிய வந்தாளா, உள்ள போயிட்டாளா?"

"அதுவரைக்கும் நான் யோசிச்சதில்லம்மா. கால் சரியாயிடும், எழுந்து போயிடுவேன்."

"யோசிங்க" என்றாள் தையல்காரி. "நாளைக்கு வரைக்கும் தொட்டி கீழயே இருக்கும்."