ஓர் அண்டாவில் ஆறு புஷ்

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் லேத் பட்டறை போட்டேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் இரும்பு கடைவதற்கு என்னைப்போல டூலை, அதாவது வெட்டும் உளியை, தீட்ட இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லியிருக்க வேண்டியவர்கள் எல்லாம் எனக்குப் போட்டியாகக் கடை வைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை பஸ்ஸில் ரெட்டியபட்டியிலிருந்து ஓர் அக்கா வந்து இறங்கினார். அவர் கிணற்றுப் பம்பில் தண்டு சுழலும் பித்தளை வளையம், நாங்கள் புஷ் என்போம், தேய்ந்துபோயிருந்தது. நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. மிளகாய்ச் செடி பூவும் பிஞ்சுமாக வாடி நிற்கிறது. கடையில் அந்த அளவு கிடைக்காததால், சீர் அண்டாவை வெட்டி, வார்ப்புக்காரரிடம் கொடுத்து உருளையாக வார்த்துக் கொண்டுவந்திருந்தார். பம்புக்கு இரண்டு, கைவசம் வைக்க நாலு.

"ஆறுல ஒண்ணு கொறஞ்சாலும் பஸ்ஸு ஏற மாட்டேன், தம்பி" என்று லேத்துக்கு அடியில் சாக்கை விரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விழுகிற சீவலும் அவருடையதுதானே.

"பித்தளையெல்லாம் நமக்கு வெண்ணெய், அக்கா" என்றேன். அதுவரை பித்தளையை நான் தொட்டதே இல்லை.

டூலை வைத்ததும் அது உள்ளே பாய்ந்தது. உருளை அதிர்ந்து, ஒரு துண்டு பிய்ந்து வந்தது.

"வெண்ணெ கடையிற சத்தமாப்பா இது? எங்க எருமை கத்துற மாதிரில்ல இருக்கு!"

மறுபடி வைத்தேன். மறுபடி ஒரு குழி. இன்னொன்று விழுந்தால் ஆறு தேறாது. டூலைக் கழற்றிப் பார்த்தேன். இரும்புக்கு அதன் மேல்முகத்தைச் சரிவாகத் தீட்டுவேன். அந்தச் சரிவுதான் பித்தளையில் டூலை உள்ளே இழுக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை. என் மண்டைக்கே பட்டது. சாணைக்கல்லில் பிடித்துச் சரிவை மட்டமாக்கினேன்.

"கூரா இருந்தத ஏம்ப்பா மொக்கையாக்குற?"

"பேசாம பாருங்கக்கா."

இந்தமுறை சத்தமே இல்லை. சீவல் சுருளாக வராமல் ரவையாகத் தெறித்தது. அக்கா எழுந்துவிட்டார்.

"சாக்குல ஒண்ணையும் காணமே. எம் பித்தளைய எங்கப்பா ஒளிச்ச?"

"ஒங்க தலையத் தடவிப் பாருங்க."

தலை, புருவம், சேலை எல்லாம் பொன்துகள். தடவிப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, இப்படியே கல்யாண வீட்டுக்குப் போகலாம் போலயே!" என்று சிரித்தார்.

குழி விழுந்த இடமெல்லாம் கடைந்து கழிக்கவேண்டிய மேல்பாகத்தில் இருந்தது. அதிர்ஷ்டம் என்பார்கள், நான் கைப்பாகம் என்பேன். ஆறாவது புஷ்ஷை அறுத்தபோது ஒரு விரல்கடை மிச்சம்கூட இருந்தது. மத்தியான பஸ்ஸிலேயே அக்கா ஏறிப்போனார்.

மூன்றாம் நாள் அந்தப் பஸ் கண்டக்டர் பட்டறை வாசலில் நின்று கூவினார்.

"அண்ணே, ரெட்டியபட்டி அக்கா சொல்லச் சொன்னாக. தண்ணி கொட்டுதாம், செடி தல தூக்கிருச்சாம். தம்பி வாயக் கொறச்சா பெரிய ஆளா வருவார்னாக."

பெரிய ஆளாக வந்துவிட்டேன். வாயைக் குறைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.