விமான இறக்கையும் குங்குமப் பொட்டும்

ரோபோட்டிக்ஸ் பயிற்றுநர் வேலை என்பது போட்டிக் களத்தைச் சுற்றி ஒட்டிய மஞ்சள் டேப்புக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு வியர்க்கும் வேலை. மாணவர்களைப் போட்டிக்கு அழைத்துப்போய் அப்படி நின்றவர்களுக்கு, நான் சொல்லப்போவது எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை பட்டதாகத்தான் இருக்கும்.

நாற்காலிகள்

கிள்ளானில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்த இடைநிலைப் பள்ளியில், எங்கள் ரோபோட்டிக்ஸ் மன்றத்துக்கு ஓர் அறை இருந்தது. கூரை ஒழுகும். ஆனாலும் சனிக்கிழமைகளில் அங்கே கேட்ட மோட்டார் சத்தமும் சண்டையும் இன்னும் காதில் இருக்கின்றன. அந்த ஆண்டுப் போட்டியின் கருப்பொருள் விமானத் தயாரிப்பு. ரோபோ, பொம்மை இறக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளையாக இருந்தால் விமான உடலில் பொருத்த வேண்டும். சிவப்புத் தாள் ஒட்டியிருந்தால் பழுது என்று கழிவுத் தொட்டியில் போட வேண்டும்.

நிரல் எழுதியது ஷாலினி, ரோபோவைக் கட்டியது தினேஷ். இருவரும் நான்காம் படிவம், பதினாறு வயது. போட்டிக்குப் போக அனுமதிக் கையெழுத்து வாங்கப் போனபோது தலைமையாசிரியை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மண்டபத்து நாற்காலியப் போட இடமில்ல சார். பைனலுக்குப் போனா அறை உங்களுக்கு, இல்லன்னா நாற்காலிக்கு" என்றார்.

மீன் பெட்டி

ரோபோவைத் தூக்கிப்போக நல்ல பெட்டி கிடைக்கவில்லை. தினேஷின் அப்பா பக்கத்து ஊரான காப்பாரில் மீன் வியாபாரி. அவர் கொடுத்த வெள்ளை நுரைப்பெட்டியை எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. தலைநகருக்குப் போகும் கொமியூட்டர் ரயிலில் எங்களைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கொஞ்ச நேரம் மோப்பம் பிடித்துவிட்டு, "என்ன மீன் தம்பி?" என்று கேட்டார். "மீன் இல்ல அங்கிள், விமானம் செய்ற ரோபோ" என்றான் தினேஷ். பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டே தலையாட்டினார். "ஓ, அதான் இப்பல்லாம் பிளேன் டிக்கெட் இந்த வெல விக்குதா!"

எல்லாம் பழுது

போட்டி தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு மண்டபத்தில். ஷாலினியின் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். நான் பெயர் பதியப் போன நேரத்தில், புது லோரிக்கு வைப்பதுபோல் ரோபோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். முன்னால் துருத்திக்கொண்டிருந்த இடம் அவர் கண்ணுக்கு நெற்றியாகப் பட்டிருக்கிறது. அது நிறம் பார்க்கும் சென்சர்.

முதல் சுற்றில் ரோபோ முதல் இறக்கையை எடுத்துப் பார்த்தது, கழிவில் போட்டது. அடுத்ததும் கழிவு. அதற்கடுத்ததும். அது என் பக்கம் திரும்பியபோதுதான் பொட்டைப் பார்த்தேன். எதை நீட்டினாலும் அதற்குச் சிவப்பாகத்தான் தெரியும். நடுவராக வந்திருந்த விமான உதிரிபாகத் தொழிற்சாலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், நீங்க ரோபோ செய்யல. எங்க குவாலிட்டி மேனேஜரச் செஞ்சிருக்கீங்க!"

நெற்றி

இரண்டு சுற்றுகளின் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு. இடைவேளையிலும் பயிற்றுநர் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. ஷாலினி நிரலை மேலும் கீழும் தேடிவிட்டு, டேப்புக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்தாள். நான் நெற்றியைத் தொட்டால் போதும், புரிந்துகொள்வாள். கை பாதி உயர்ந்தது. அதை நெற்றிக்குக் கொண்டுபோகாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது நேர்மையா, நடுவர் பார்த்துவிடுவார் என்ற பயமா? இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுப் பார்க்கிறேன், எனக்கே தெரியவில்லை.

கடைசியில் அவளே ரோபோவைத் தூக்கி, முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. உடனே மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்; சிரிப்பு போனது. கைக்குட்டையால் சென்சரைத் துடைத்து, ஒட்டிவந்த குங்குமத்தைப் பேட்டரிப் பெட்டியின் பின்பக்கத்தில் பொட்டாக வைத்தாள். மண்டபம் அதிர அம்மாவின் குரல் வந்தது: "எங்க வச்சாலும் சாமிக்குத் தெரியும் லா, நீ ஓட்டு!"

திரும்பும் ரயில்

இரண்டாம் சுற்றில் ஓர் இறக்கைகூடத் தவறவில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தபோது நாங்கள் நான்காம் இடம். பைனலுக்கு மூன்று அணிகள்தான். ரயிலில் ஷாலினி கேட்டாள், "சார், உங்களுக்கு முன்னயே தெரியுமா?" தெரியும் என்றேன்.

"அப்ப ஏன் சார் நெத்தியச் சொறியல? அறை போச்சே!" என்று தினேஷ் கத்தினான். ஷாலினி அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "சும்மா இருடா. அப்படி ஜெயிச்சிருந்தா சாரு அப்புறம் வருசம் பூரா நெத்தியச் சொறிஞ்சிக்கிட்டே இருப்பாரு."

சனிக்கிழமை

திங்களன்று நாற்காலிகள் எங்கள் மன்ற அறைக்குள் போயின. இனிச் சனிக்கிழமைகளில் தூங்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமையே வீட்டு கேட்டை யாரோ ஆட்டினார்கள். மீன் வாடை முதலில் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் நின்றார்கள். கார் நிற்கும் போர்ச்சை அப்படியும் இப்படியும் அளந்து பார்த்துவிட்டு ஷாலினி சொன்னாள்: "சார், காரைக் கொஞ்சம் வெளிய எடுங்க."

அவர்கள் இருவரும் படித்து முடித்துப் போய், அதே போர்ச்சுக்கு வேறு பிள்ளைகள் வந்து, நானும் ஓய்வுபெற வேண்டிய வயதை நெருங்கிவிட்டேன். விமானம் கட்டப் போய் இதுவரை நான் உருப்படியாகச் சாதித்தது, என் காரை நிரந்தரமாக வெயிலில் நிறுத்தியதுதான்.