பத்தாயத்துக்குள் இருந்த டிரையம்ப்

லவெர்ன் ஹோம்க்விஸ்ட் ஆயுசில் ஒரே ஒரு பொய்தான் சொன்னான் என்பார்கள் எங்கள் ஊரில். அதைப் பொய் என்று சொல்லலாமா என்பதிலேயே இன்னும் தகராறு ஓயவில்லை. சொன்ன வார்த்தை என்னவோ சுத்தமான உண்மை.

எண்பத்தைந்தில் எங்கள் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க விவசாயிகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, ரூடி ஸ்வபோடாவின் பண்ணையை வங்கி ஏலத்தில் விட்டது. அந்த மாதிரி ஏலத்தில் அக்கம்பக்கத்துக்காரன் எவனும் விலை கேட்டுக் கை தூக்கமாட்டான். கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நிற்பான். வாங்குவது யாராவது வெளியூர்க்காரனாக இருக்கட்டும் என்பதுதான் வழக்கம். ரூடியின் பக்கத்து நிலத்துக்காரர் கார்ல் ஹோம்க்விஸ்ட், லவெர்னின் அப்பா, அன்றைக்குக் கை தூக்கிப் பண்ணையை வாங்கினார். பக்கத்தில் நின்ற லவெர்ன் வாயே திறக்கவில்லை. அப்பாவை எதிர்த்துப் பேசுகிற தைரியம் அவனுக்கு அப்போது இல்லை.

கல்யாணமானதும் அவனும் மனைவி ஆர்லிஸும் ரூடியின் வீட்டிலேயே குடியேறினார்கள். ரூடியின் மண்ணில் மக்காச்சோளம் போட்டான், ரூடியின் சமையலறையில் காப்பி குடித்தான். ரூடியோ டவுனில் தானியக் கிடங்கில் கூலி வேலைக்குப் போனார். லவெர்ன் சோளம் கொண்டுபோனால் அவர் மறுபக்கம் திரும்பி நிற்பார். இவர்கள் லூத்தரன் சர்ச், அவர்கள் கத்தோலிக்க சர்ச் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளிலாவது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் தப்பித்தார்கள்.

போன வருஷம் ஆர்லிஸ் போய்ச் சேர்ந்தாள். அதே இலையுதிர் காலத்தில் ஒரு சூறைக்காற்று பழைய களஞ்சியத்தின் கூரையைப் பிய்த்துப் போட்டது. இடித்துத் தள்ளிவிடலாம் என்று லவெர்ன் கடப்பாரையோடு உள்ளே போனான். மூலையில் ஓட்ஸ் கொட்டி வைக்கிற பத்தாயம். அதன் பின்பலகை மட்டும் மற்ற பலகைகளைவிடப் புதுசாக இருந்தது. நெம்பினான். உள்ளே கோணிச் சாக்கு போர்த்தி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

யாருடையது என்று யோசிக்கவே தேவையில்லை. அறுபத்தாறாம் வருஷத்து டிரையம்ப். அதில் ரூடி நடனத்துக்குப் போகும்போது பள்ளிக்கூடப் பையன்களெல்லாம் சாலையோரம் ஓடிவந்து நிற்பார்கள், லவெர்னும் நின்றிருக்கிறான். ஏலத்துக்கு முன்னால் வங்கிக்காரன் கேட்டபோது, "அது வித்துப்போச்சு" என்று சொல்லியிருந்தார் மனுஷன். விற்கவில்லை. பத்தாயத்தில் வைத்துப் பலகை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் லவெர்ன் அன்றைக்கே டவுனுக்கு ரூடியைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. துருப்பிடித்த இரும்புதானே, ஓடுகிறதா என்று முதலில் பார்ப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உண்மை வேறு. அந்த வீட்டில் பேச்சுக்குரலே இல்லாமல் போயிருந்தது. காலையில் எழுந்திருக்க அவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது பட்டறையில் வந்து நின்றது.

குளிர்காலம் பூராவும் அதோடுதான் கிடந்தான். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பிஸ்டன் இரண்டும் ஜாம். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊற்றி வைத்து, தினமும் காலையில் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்ப்பான். பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அது ஒரு விரல்கடை இறங்கியது. லவெர்ன் தரையில் உட்கார்ந்து அழுதான். ஆர்லிஸ் செத்தபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது.

வண்டி ஓடிவிட்டது. ஆனால் உரிமைப் பத்திரம் இல்லாமல் சாலையில் ஏற்ற முடியாது. ஷெரிஃப் ஆபீசிலிருந்து வந்தவர் இஞ்சினில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். கடைசி உரிமையாளர் ரூடி ஸ்வபோடா என்று பதில் வந்தது. அவருடைய கடைசி விலாசத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பு, ஆள் இல்லை என்று திரும்பி வந்தால் பத்திரத்தை உன் பேருக்கே தருகிறோம் என்றார்கள் மாவட்ட ஆபீசில். அந்தக் கடைசி விலாசம் எது? லவெர்ன் குடியிருக்கிற வீடேதான்!

தபால்காரி கோனி அவனோடு படித்தவள். அந்தத் தபாலோடு வாசலில் வந்து நின்று, உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, உனக்கு நீயே லெட்டர் போட்டுக்கிற அளவுக்கு வந்துட்டியா? அனுப்பினதும் இந்த வீடு, வாங்குறதும் இந்த வீடு."

"வண்டிப் பேப்பருக்கு, கோனி. அப்படித்தான் அனுப்பணுமாம்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேரைப் படித்தாள். ரூடி டவுன் முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"நான் கேக்க வேண்டியது ஒரே கேள்விதான், லவெர்ன். இந்த ஆளு இங்க இருக்காரா?"

"இங்க இல்ல."

"சரி" என்றவள், ஆள் இல்லை என்று உறைமேல் எழுதிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. அப்பா கை தூக்கியபோதும் இதே மாதிரிதான், ஒரு நொடியில் எல்லாம் முடிந்துபோனது. அன்றைக்காவது தூக்கியது அப்பா, இன்றைக்குச் சொன்னது அவன் வாய். பிக்கப்பை எடுத்துக்கொண்டு சரளைக்கல் பாதையில் புழுதி பறக்கத் துரத்தி, மூன்றாவது வீட்டுத் தபால்பெட்டியருகே அவளை மறித்தான்.

"குடு கோனி, அதத் திருப்பிக் குடு."

"எழுதியாச்சு. இனிமே அது சர்க்கார் சொத்து. உனக்கு இப்ப என்ன வேணும்? அந்த ஆளு எங்க இருக்காருன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

மறுநாள் டிரையம்பை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனான். வண்டியை விட்டுக்கொடுக்க மனசில்லை, மறைக்கவும் துணிச்சலில்லை. ரூடி ஜன்னலோரம் தள்ளுநாற்காலியில் உட்கார்ந்து கசகசா பூரணம் வைத்த கொலாச்சி பன் தின்றுகொண்டிருந்தார்.

"நான் லவெர்ன். கார்ல் ஹோம்க்விஸ்ட் மகன்."

"சொல்லணுமா? அதே மூக்கு."

"உங்க வண்டி கெடச்சுது. பத்தாயத்துக்குள்ள."

ரூடி கொலாச்சியைக் கீழே வைத்தார். "இத்தன வருஷமாச்சா கண்டுபிடிக்க? உங்க குடும்பத்துக்கு நெலத்தத் தவிர எதுவும் கண்ணுல படாதுன்னு நான் சொன்னது சரியாத்தான் போச்சு."

"நீங்க வந்து எடுத்திருக்கலாமே."

"எப்படிடா வருவேன்? உங்கப்பன்கிட்ட அனுமதி கேட்டு உள்ள நுழையணும். என் வாசலுக்குள்ள நான்!"

லவெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தான். "அன்னிக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன். அப்பா கையப் புடிச்சு நிறுத்தியிருக்கணும்."

"புடிச்சிருந்தா வேற எவனாவது தூக்கியிருப்பான்" என்றார் ரூடி. "ஆனா அவன் எனக்குத் தெரியாதவனா இருந்திருப்பான்."

லவெர்ன் நாற்காலியை வெளியே தள்ளிக்கொண்டு போனான். ரூடி டிரெய்லர்மேல் நின்ற வண்டியைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி கோணியது. லவெர்ன் வண்டியைக் கீழே இறக்கி உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.

"மடையா, கார்புரேட்டர் குமிழ அமுக்கு. பெட்ரோல் வழியிற வரைக்கும் அமுக்கணும். ம்ம், இப்ப ஒத."

படபடவென்று பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த கிழவர்களெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ரூடி கண்ணை மூடிக்கொண்டார். அணைக்கச் சொல்கிற வரைக்கும் அவர் மூடிய கண்ணைத் திறக்கவேயில்லை.

"இன்னும் என் பேர்லதான இருக்கு?"

"ஆமா."

"விக்கமாட்டேன். குடுக்கவும் மாட்டேன். என் பேர்லயே பேப்பர் வாங்கு."

பட்டறை காலியாகிவிடும், காலைகள் காலியாகிவிடும். "சரிங்க" என்றான் லவெர்ன்.

அதே வாரம் மாவட்ட ஆபீசுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனான். கவுண்டரில் இருந்த இளம்பெண்ணுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவள். ரூடி கையெழுத்துப் போட ரொம்ப நேரமானது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சார், உங்க காலத்துக்கு அப்புறம் வண்டி யாருக்குப் போகணும்னு இதுலயே ஒரு பேர் சேத்துக்கலாம். இஷ்டம் இருந்தாத்தான். பிள்ளைங்க யாராவது?"

"எனக்குப் பிள்ளைங்க இல்ல. லவெர்ன் ஹோம்க்விஸ்ட்னு போடு."

லவெர்ன் திரும்பிப் பார்த்தான். ரூடி அவன் பக்கம் திரும்பவில்லை. "அதுவரைக்கும் வண்டி இவன் பட்டறையில நிக்கும். வாரத்துக்கு ஒருதடவ கொண்டாந்து என் ஜன்னலுக்குக் கீழ ஓடவிட்டுக் காட்டணும். எண்ணெ ஒழுகிச்சுன்னா பேர அடிச்சிருவேன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தாள். பேச்சுவாக்கில்தான் கேட்டாள்:

"சொந்தக்காரரா சார்? என்ன ஒறவு?"

ஏலத்துக்கு அப்புறம் ஹோம்க்விஸ்ட் குடும்பத்தை ரூடி வாய்விட்டுச் சொன்ன பேர்களை இங்கே எழுத முடியாது. லவெர்ன் தலையைக் குனிந்துகொண்டு பூட்ஸைப் பார்த்தபடி நின்றான்.

"பக்கத்து நெலத்துக்காரன்" என்றார் ரூடி.