கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம்

மோர்டனில் வாண்டில் ஆற்றங்கரைப் பாதையில் ஒரு சனிக்கிழமை காலை நான் மயங்கி விழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது தெரியும். அடுத்துத் தெரிந்தது, என் இரண்டு கால்களையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் முழந்தாளில் நின்ற சிஸ்டர் டொரீனின் முகம். பனிப்புகாருக்குள் ஒரு கொக்கு எங்களைச் சட்டை செய்யாமல் மீன் பார்த்துக்கொண்டிருந்தது. செத்துப்போனால் இப்படித்தான் இருக்குமாக்கும், பரவாயில்லை, நல்ல இடம்தான் என்று நினைத்தேன்.

சிஸ்டர் டொரீன் எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்குப் பொறுப்பான நேர்ஸ். அயர்லாந்துக்காரி. நான் அவருக்குக் கீழே உதவி நேர்ஸ். எண்பதுகளின் கடைசி அது. ஒருநாள் தேநீர் நேரத்தில், வசந்தத்தில் இருபத்தாறு மைல் மரதன் ஓட்டம் ஓடப்போகிறேன், யார் கூட வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். நான் வருகிறேன் என்றேன். ஓட்டத்தில் ஆசை வந்து சொல்லவில்லை. இவர், என் கணவர், கொழும்பில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை இல்லையென்று திருப்பிவிட்டார்கள். மறுபடி விண்ணப்பித்திருந்தோம். வேலை முடிந்து அறைக்குப் போனால் ஹோலில் இருக்கும் டெலிபோனையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு சோலி இல்லை.

நான் அறையெடுத்திருந்த வீட்டுக்காரி பரிமளம் அக்கா என் ட்ராக்சூட்டைக் கண்டதும் வாசலில் மறித்தார்.

"பொம்பிளை ஒருத்தி றோட்டிலை ஓடினால் சனம் என்ன நினைக்கும்? ஆரோ துரத்திக் கலைக்கினம் எண்டெல்லோ நினைக்கும்."

அக்கா சொன்னதில் பிழையில்லை. முதல் கிழமையே, மரக்கறிக் கடைக்கார அண்ணை கையில் முருங்கைக்காயோடு வெளியே பாய்ந்து வந்து, ஊரில் ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டார். எங்கள் சனத்துக்கு அந்த நாளில் ஓட்டம் என்றால் சண்டைக்குப் பயந்து ஓடுவது ஒன்றுதான். சும்மா ஓடுகிறேன் அண்ணை என்றேன். சும்மாவோ என்று கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சிஸ்டரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, கதைத்துக்கொண்டு ஓட முடியாவிட்டால் நீ வேகமாக ஓடுகிறாய், வேகத்தைக் குறை. மற்றது, இரண்டு பேர் ஓடினால் யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவருடைய வேகம்தான் இரண்டு பேருக்கும். இதே சட்டம்தான் அவருக்கு வார்டிலும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஷிப்ட் தொடங்கியதும் புயல் மாதிரிக் கட்டில் விரிப்பார்கள், மத்தியானத்துக்குப் பிறகு நோயாளியிடம் எரிந்து விழுவார்கள். சிஸ்டர் அவர்களைப் பிடித்து நிறுத்தி, முதல் மணித்தியாலத்தில் சோம்பேறியாக இரு என்பார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

இனி நான் விழுந்த கதைக்கு வருகிறேன். சிஸ்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் கையிலிருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினேன். நேற்று வெள்ளிக்கிழமை. இவருடைய விசா கிடைக்கும்வரை வெள்ளி தோறும் உபவாசம் இருக்கிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் இல்லை. விளக்கு வைத்த பிறகு கொஞ்சம் பாலும் ஒரு வாழைப்பழமும். அதற்கு மேலே, விடிந்ததும் நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள்தான் வயிறு நிறையச் சாப்பிடவேண்டும் என்று சிஸ்டர் எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசியில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. விரதத்தை விட்டேன் என்றால், அவருக்கு மறுபடி இல்லையென்று வந்தால், அது என்னால்தான் என்று இருக்கும். ஓட்டத்தை விட்டேன் என்றால் எனக்கு விசர் பிடித்துவிடும். இதைத்தான் அரைகுறை இங்கிலீசில் சொன்னேன்.

திட்டுவார் என்று பார்த்தால், சேற்றில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"என்ரை அப்பா கடலுக்குப் போனால் அம்மாவும் உப்பிடித்தான், திரும்பி வருமட்டும் வாயிலை ஒண்டும் வைக்கமாட்டா. நீ விரதத்தை விடாதை. நாங்கள் ஓடுற நாளை மாத்துவம்."

திங்கட்கிழமை வார்டில் புது ரோட்டா, வேலை முறை அட்டவணை, ஒட்டியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இனி வியாழக்கிழமை ஓய்வு. சிஸ்டரின் சனிக்கிழமை ஓய்வு போய்விட்டது. அந்த மனுசியைப் பற்றி இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

வியாழன் நீண்ட ஓட்டம் சிஸ்டரோடு. மற்ற நாட்களில் தனியாக. தனியாக ஓடும்போது யாரோடு கதைப்பது? இவரோடுதான் கதைத்தேன். வாய்விட்டு, தமிழில், ஊரில் அவரைக் கூப்பிடுகிற மாதிரியே. இஞ்சருங்கோ, பாலத்துக்குக் கீழே அன்னம் இரண்டு நித்திரை, தலையைக் காணவில்லை. இஞ்சருங்கோ, இண்டைக்குப் புல்லெல்லாம் உறைஞ்சு வெள்ளை, மிதிச்சால் நொறுங்குது. வார்டில் ஒரு கிழவர் என்னைக் கல்யாணம் கேட்டது, பரிமளம் அக்கா கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டது எல்லாம் சொல்வேன். கதைக்கக் கதைக்கக் கால் இருப்பதே மறந்துபோகும். பனிப்புகாருக்குள் சில நாட்களில் இன்னொரு காலடியும் கேட்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன். நாய் கூட்டிவந்த வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மரதன் நாள் வந்தும் விசா வரவில்லை. சனத்துக்குள் சிஸ்டரும் நானும் பிரிந்துபோனோம். பாதி வழியில் நகரத்துப் பெரிய ஆற்றைக் கடக்கும்வரை இவரோடு கதைத்துக்கொண்டு போனேன். பிறகு சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை, இஞ்சருங்கோ என்ற ஒரு சொல்லோடு மிச்ச மைல்கள் போயின. முடிவில், குளிராமல் இருக்க, வெள்ளித்தாளைப் போர்த்திவிட்டார்கள். சிஸ்டர் எனக்கு முன்பே வந்து நின்று அழுதுகொண்டிருந்தார்.

இலை உதிர்கிற காலத்தில் டெலிபோன் அடித்தது. விசா கிடைத்துவிட்டது. பரிமளம் அக்கா எனக்கு முதல் அழுதார்.

ஹீத்ரோ விமான நிலையத்தில் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நின்றேன். இவர் யாருடையதோ பெரிய கோட்டுக்குள் வந்தார். முடி கொட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியாமல் கண் என்னைத் தாண்டிப் போனது. ஓடி நான் அவ்வளவு மெலிந்திருந்தேன். பிறகு திரும்பி வந்த கண் என்னிலேயே நின்றுவிட்டது. பாய்ந்து ஓடத்தான் கால் துடித்தது. முதல் மைலில் பாய்ந்தவர்கள் கடைசியில் எங்கே கிடந்தார்கள் என்று கண்ணால் கண்டவள் நான். இது எங்களுக்கு முதல் மைல். அவர் என்னை வடிவாகப் பார்க்கட்டும் என்று மெல்ல நடந்துபோனேன்.

சுரங்க ரயிலுக்குப் போகும் நீண்ட வழியில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். கொஞ்சத் தூரம் போனதும் கேட்டார்.

"ஏன் ஒண்டும் கதைக்காமல் வாறீர்?"

"நான் எல்லாம் கதைச்சு முடிச்சிட்டன். இனி நீங்கள் கதையுங்கோ."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் பிளேனில் தந்த சோற்றிலிருந்து மெல்லத் தொடங்கினார். சூட்கேஸ் பாரம், குளிர் வேறு, இடையிடையே மூச்சு வாங்கியது. நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.